காரணம் என்ற கட்டம்

நாங்கள் இருவரும் ஒரே மலையில் வேலை செய்கிறோம்.
டெல்மர் அதன் வயிற்றுக்குள்,
நான் அதன் காலடியில்.
நடுவே ஆயிரத்து முந்நூறு அடிப் பாறை.
அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசுவதில்லை.

யூட்டாவின் இந்தப் பள்ளத்தாக்கில்
சாலைக்கு ஒரு பக்கம் ஆறு,
மறுபக்கம் நிமிர்ந்து பார்த்தால்
தொப்பி கீழே விழும் மணற்கல் செங்குத்து.
அதிகாலை நான்கரைக்கு லோடரைக் கிளப்பி
இரவு உதிர்ந்ததை ஓரம் தள்ளுவது என் வேலை.
பள்ளிப் பேருந்து ஏழு பத்துக்கு வரும்.
ரொட்டி அளவு, சூட்கேஸ் அளவு, குளிர்பெட்டி அளவு:
படிவத்தில் கற்களை நான் இப்படித்தான் எழுதுவேன்.
மாவட்ட அலுவலகம் கேட்பது கன அடி.

அவன் நிற்கும் கரிச்சுவர் எண்ணூறு அடி நீளம்.
இரும்புத் தாங்கிகள் கூரையைச் சுமக்க
சுழலும் பற்கள் கரியைச் சீவிக்கொண்டு போகும்.
ஒரு சீவல் முடிந்தால்
தாங்கிகள் ஓர் எட்டு முன்னே வைக்கும்.
முதுகுக்குப் பின்னால் கூரை விழும்.
விழ வேண்டும். அதுதான் முறை.
விழாமல் தொங்குவதுதான் ஆளைக் கொல்லும் என்பான்;
மொத்தமாக வந்தால்
கல் வேண்டாம், காற்றே தூக்கி எறிந்துவிடும்.

ஆகவே நல்ல நாட்களில்
பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கும்போதே சொல்வான்:
"இன்னைக்கு நல்லா விழுந்துது."
எனக்கும் நெஞ்சு இறங்கும்.
சூப்பை அடுப்பில் வைப்பேன்.

கீழ்ப்படுக்கை விழுந்தால் மேற்படுக்கை வளையும்.
அது வளைந்தால் அதற்கும் மேலே உள்ளது
என்ன செய்யும் என்று
உச்சியில் ஆடு மேய்க்கும் எரெகி காட்டினார்.
போன வருடம் கை நுழையும் வெடிப்பு.
இந்த வருடம் அதில் ஓர் ஆட்டுக்குட்டி நுழைந்தது.
இரண்டு நாள் அதன் குரல் கேட்டதாம்.

கம்பெனியின் அளவையாளர் ஹால்வர்சன்
பாறை முகத்தில் சிறு கண்ணாடிகள் பதித்திருக்கிறார்.
அக்கரையிலிருந்து ஒளி அனுப்பி
மலை எவ்வளவு நகர்ந்தது என்று குறிப்பார்.
"எதிர்பார்த்த அளவுக்குள்ளதான் இருக்கு."
யார் எதிர்பார்த்தது என்று கேட்டேன்.
பேனாவை மூடினார்.

ஜூலையில்
ஒன்பது நாள் கூரை விழவில்லை.
டெல்மர் உருளைக்கிழங்கைத் தட்டின் இந்தப் பக்கமிருந்து
அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான்.
"நூத்தம்பது அடி தொங்குது" என்றான்,
என்னிடம் அல்ல, தட்டிடம்.
அன்றிரவு நான் வேண்டிக்கொண்டேன்.
வாய்விட்டே, விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பத்தாம் நாள் விழுந்தது.
குளிக்காமலே தூங்கிப்போனான்.
தலையணை உறையில்
கரி முகம் ஒன்று பதிந்திருந்தது.

மறுநாள் அதிகாலை
மூன்றாவது வளைவுக்கு அப்பால் சாலை இல்லை.
எங்கள் வீட்டளவு என்று எழுதும்படி ஒரு பாறை,
முன்வாசலும் கார் கொட்டகையும் சேர்த்து.
அதன் ஒரு முகம் முழுக்கத்
தகைவிலான்களின் மண்கூடுகள்,
சில உடையாமலே,
வாய் திறந்து வானம் பார்த்து.
இருநூறு அடி உயரத்தில்
நேற்றுவரை சுவர் இருந்த காற்றில்
பறவைகள் பூச்சியைக் கவ்வியபடி
வந்து வந்து திரும்பின.

சாலையை மறித்தேன். பேருந்துக்குச் சொன்னேன்.
லோடரால் ஆகாது, வெடி வைக்க ஆள் வர வேண்டும்.
வண்டியில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பினேன்.
நேரம். இடம். அளவு.
'காரணம்' என்ற கட்டத்தில்
பதினோரு வருடமாக எழுதுவதையே
கை எழுதியது: உறைபனி.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
வியர்வையில் காகிதம் முழங்கையோடு ஒட்டியது.

யாரோ கையெழுத்திட்டு
மஞ்சள் நகலைத் திருப்பி அனுப்பினார்கள்.
குளிர்பெட்டிக் கதவில் மாட்டிவைத்தேன்,
எழுத்து அவன் பக்கம் பார்க்கும்படி.
அதைத் திருப்பிப் பின்பக்கத்தில்
முட்டை, பால், ஷூ கயிறு என்று
எழுதிவைத்திருக்கிறான்.